படுக்கையிலிருந்து தொடங்கும் தோட்டம்

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்



பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அப்பாவை, மறதி நோயால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கும் அம்மாவை, கீமோதெரபி முடிந்து வீடு திரும்பிய மனைவியை, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டியை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். வீடுகளில் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். "உடம்பு சரியில்லாதவங்க இருக்கிற வீடு, மனசுக்கு ஆறுதலா ஒரு தோட்டம் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். வரும்போதே பலர் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். துளசி, தூதுவளை, சிறியாநங்கை, இன்சுலின் செடி, கொஞ்சம் புல்தரை, கூழாங்கல் நடைபாதை, மூலையில் ஒரு நீரூற்று. நோயாளி அந்தத் தோட்டத்தை எங்கிருந்து பார்ப்பார், அங்கே எப்படிப் போய்ச் சேருவார், போன பிறகு எதில் உட்காருவார் என்பது மட்டும் பட்டியலில் இருப்பதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நோயாளிக்கான தோட்டத்தைச் செடியிலிருந்து தொடங்காதீர்கள். அவருடைய கண்ணிலிருந்தும் காலிலிருந்தும் கையிலிருந்தும் தொடங்குங்கள். செடிகளைக் கடைசியில் தேர்ந்துகொள்ளலாம்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு புறநகர் மருத்துவமனை. அங்கே 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். சில அறைகளின் சன்னலுக்கு வெளியே மரங்கள். சில அறைகளின் சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மற்றவகையில் இரண்டும் ஒரே மாதிரி அறைகள். வயதும் பிற நிலைமைகளும் ஒத்துவரும்படி 23 இணைகளாக நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டார். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பியிருந்தார்கள். சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களுக்கு 8.70 நாள் ஆகியிருந்தது. மரம் பார்த்தவர்கள் கடுமையான வலிமருந்துகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மனம் தளர்ந்திருந்ததாகச் செவிலியர் எழுதிய குறிப்புகளும் குறைவு. 1984-இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்த பிறகு மருத்துவமனை கட்டுபவர்கள் பலர் சன்னலையும் தோட்டத்தையும் கூடுதலாகக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இந்த ஆய்வை அதன் அளவிலேயே எடுத்துக்கொள்வோம். அது 46 பேரைப் பற்றிய சிறிய ஆய்வு. மரம் நோயைத் தீர்த்தது என்று அது சொல்லவில்லை. மருந்தும் சிகிச்சையும் இரண்டு தரப்புக்கும் நடந்தன. ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். அந்த நோயாளிகளில் ஒருவரும் தோட்டத்தில் நடக்கவில்லை, மண்ணைத் தொடவில்லை, மூலிகை சாப்பிடவில்லை. படுத்த இடத்திலிருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர் பணி குறித்து 1859-இல் எழுதிய நூலிலும் இதே கவலை இருக்கிறது. சன்னல் வழியே வெளியே பார்க்க முடியாமல் கிடக்கும் நோயாளியின் துன்பத்தையும், காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு நிறமுள்ள பூக்கள் தரும் மகிழ்ச்சியையும் அவர் நேரில் கண்டு எழுதினார்.

எனவே முதல் வேலை இது. உங்கள் நோயாளியைச் சிறிது நேரம் வேறிடத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் படுக்கும் கட்டிலில், அவர் படுக்கும் பக்கமாக, நீங்கள் படுத்துப் பாருங்கள். நம் வீடுகளில் சன்னலின் அடிக்கட்டை பெரும்பாலும் தரையிலிருந்து மூன்றடி உயரம். கட்டிலில் தலை வைத்திருப்பவரின் கண் அதற்கும் கீழே இருக்கும். நின்றால் தெரியும் செம்பருத்தி, படுத்தால் தெரியாது. மின்விசிறியும், சுவரில் மாட்டிய காலண்டரும், சன்னலின் மேல்பாதியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். மாதக்கணக்கில் அவர் பார்ப்பது அதைத்தான்.

இதை மாற்றப் பெரிய செலவு இல்லை. கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தக்கூடிய கட்டில் என்றால் பகலில் சற்றே உயர்த்தி வையுங்கள். சன்னலுக்கு வெளியே மதில் சுவர்தான் இருக்கிறது என்றால் அந்த மதிலே உங்கள் தோட்டம். அதில் கம்பி வலை அடித்து, கீழே பெரிய தொட்டியில் இரங்கூன் மல்லியோ முல்லையோ சங்குப்பூவோ ஏற்றிவிடுங்கள். இரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக மலர்ந்து, அடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகவும் பிறகு கருஞ்சிவப்பாகவும் மாறும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். படுத்திருப்பவருக்கு நேற்றுக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியும் காட்சி வேண்டும், அதனால் அதைச் சொல்கிறேன். சன்னல் கம்பியில் மேலிருந்து தொங்கும் தொட்டிகளும் படுத்தவர் கண்ணுக்குத் தெரியும். கட்டிலைத் திருப்பவே முடியாத அறையில், சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியைச் சாய்வு பார்த்து மாட்டினால் வெளியே உள்ள பச்சை உள்ளே வரும். மறதி நோய் உள்ளவர்கள் கண்ணாடியில் தெரியும் உருவத்தைக் கண்டு கலங்கக்கூடும். அவர்கள் அறையில் மட்டும் இது வேண்டாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியின் சன்னல் ஓரம் முருங்கை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். அதன் மயிர் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். தானாக எழுந்து தட்டிவிட முடியாதவர் அருகில் அந்த மரம் இருக்கக் கூடாது. கிளையும் காற்றுக்கு எளிதில் முறியும்.

கண்ணுக்கு அடுத்தது கால். எழுந்து நடக்கக்கூடியவர், கைத்தாங்கலில் நடப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் யாராக இருந்தாலும், தோட்டத்துக்குப் போகும் வழியில் முதல் தடை வாசற்படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும்போது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். அரையடி உயரப் படிக்கு ஆறடி நீளச் சாய்தளம். இடம் இல்லை என்று மூன்றடியில் கட்டிவிட்டால், தள்ளுகிறவருக்கு ஏற்றும்போது மூச்சு வாங்கும், இறக்கும்போது பிடி நழுவும். இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கைப்பிடிக் கம்பி வையுங்கள். வழி குறைந்தது மூன்றடி அகலம், நாற்காலி திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது அங்கேதான். மெருகேற்றிய கடப்பைக்கல் வெயிலில் காலைச் சுடும், மழையில் வழுக்கும். வெள்ளை ஓடு கண்ணைக் கூசவைக்கும்; கண்புரை உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை. வெளிர்நிறத் தரையின் நடுவே கறுப்புக் கோலம்போல் பதித்தால், மறதி நோய் உள்ளவர்கள் அதைப் பள்ளம் என்று எண்ணித் தயங்கி நின்றுவிடுவதுண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே புல் வளரவிடும் பாணி அழகுதான், ஆனால் ஊன்றுகோல் நுனி அந்த இடுக்கில் மாட்டும். ஈரச் சிமெண்டின் மேல் துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்ட சாதாரணக் காங்கிரீட் தரை போதும். காவி கலந்த மங்கல் நிறம் இருந்தால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடிக்கும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.

கூழாங்கல் நடைபாதைக்கு வருகிறேன். பூங்காக்களில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்து, செருப்பைக் கழற்றி நடக்கச் சொல்வது நம் ஊரில் பரவிவிட்டது. வீட்டுக்கும் அதையே கேட்கிறார்கள். உங்கள் நோயாளிக்கு நீரிழிவு இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் உணர்வு குறையும். கல் குத்தியது தெரியாது, சூடு தெரியாது, கொப்புளம் வந்தது தெரியாது. அந்தச் சிறு காயம் ஆறாப் புண்ணாகி விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். அப்படிப்பட்டவரைக் கல்லின் மேல் வெறுங்காலோடு நடக்க வைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. நீரிழிவு உள்ளவர் தோட்டத்தில் இறங்கும்போதும் காலை மூடிய, மெத்தென்ற செருப்பு வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்தாயிற்று. உட்கார இடம் வேண்டும். தோட்டத்தில் நான் முதலில் வைப்பது நாற்காலியைத்தான். மற்றவை அதைச் சுற்றி அமையும். ஒன்றரை அடி உயரம், முதுகுச் சாய்வு, ஊன்றி எழ இரண்டு கைகள். கையில்லாத கல் பெஞ்சில் உட்கார்ந்த முதியவரால் பிறர் உதவியின்றி எழ முடியாது. எழ முடியாது என்று தெரிந்துவிட்டால் மறுநாள் வரமாட்டார். நாற்காலியின் முதுகுப்புறம் சுவரோ புதரோ இருக்கட்டும். பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் பலவீனமாக இருப்பவர் நிம்மதியாக உட்காருவார். முகத்துக்கு முன்னால் வாசலோ தெருவின் ஒரு துண்டோ தெரிந்தால் பலருக்குப் பிடிக்கும். நம் பாட்டன்மார் திண்ணையில் உட்கார்ந்தது அதற்குத்தான். சிலருக்கு, குறிப்பாக முடி கொட்டியவர்களுக்கும் முகம் கோணியவர்களுக்கும், தெருவின் கண்ணில் படாமல் இருக்கவே விருப்பம். எது வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். உல்ரிச் பின்னாளில் தோட்டம் ஏன் உதவுகிறது என்று எழுதும்போது நான்கு காரணங்கள் சொன்னார்: தன் விருப்பப்படி ஒன்றைச் செய்ய முடிவது, துணை கிடைப்பது, உடல் அசைவது, இயற்கையில் மனம் செல்வது. இவற்றில் முதலாவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எப்போது மருந்து, எப்போது குளியல், என்ன சாப்பாடு என்று எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் வாழ்க்கையில், எந்த நாற்காலியில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்பதாவது அவர் முடிவாக இருக்கட்டும். அதனால்தான் வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று இரண்டு இடங்களில் இருக்கை வைக்கச் சொல்கிறேன்.

திசையைப் பாருங்கள். மேற்குப் பக்கத்தில் பிற்பகல் வெயில் நம்மூரில் தாங்காது. கிழக்கும் வடக்கும் நோயாளிக்கு ஏற்றவை. காலை இளவெயில் கிழக்கில் கிடைக்கும். மேற்கில்தான் இடம் இருக்கிறது என்றால் பந்தல் போட்டு அவரை, பாகல், முல்லை எதையாவது ஏற்றுங்கள். கீற்றுக்கொட்டகை போட்டாலும் போதும், தகரம் மட்டும் வேண்டாம். குளிரூட்டியின் வெளிப்பெட்டி வெந்த காற்றை ஊதும் பக்கத்திலும் இருக்கை வைக்காதீர்கள்.

அடுத்து கை. குனிய முடியாதவருக்கு மண்ணை அவரிடம் கொண்டுவர வேண்டும். இரண்டிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் மேடைப் பாத்தி கட்டலாம். பழைய மேசையின் மேல் ஆழமான தொட்டிகளை அடுக்கினாலும் ஆகும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசை மாதிரிதான் நல்லது, முழங்காலை உள்ளே விட்டு நெருங்கி உட்காரலாம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டக்கூடிய பாத்தி இரண்டடிக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், செம்மண் மூன்றும் கலந்தால் மண் லேசாக இருக்கும். மொட்டை மாடி என்றால் பாரத்தை நினைவில் வையுங்கள். ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கும் மேல் இருக்கும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வையுங்கள். கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் மாடியில் பாத்தி கட்டாதீர்கள்.

கைக்கு வேலை கொடுக்கும்போது அவர் ஏற்கெனவே அறிந்த வேலையாகக் கொடுங்கள். சின்னச் சொம்பில் தண்ணீர் ஊற்றுவது, கறிவேப்பிலை உருவுவது, கீரை ஆய்வது, குழித்தட்டில் விதை போடுவது, மல்லிகை மொட்டைப் பறித்துத் தொடுப்பது. பக்கவாதத்தில் விரல் மடங்காதவருக்குப் பூத்தொடுப்பது கடினம், ஆனால் மொட்டுகளை இரண்டிரண்டாகக் காம்பு பார்த்து அடுக்கிக் கொடுப்பது அவரால் முடியக்கூடும். உங்கள் இயன்முறை மருத்துவரிடம் எந்த அசைவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அந்த அசைவைத் தோட்டத்து வேலையில் தேடுங்கள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் சலித்துக்கொள்பவர், தென்னைநார்க் கட்டியை நனைத்து உதிர்க்கச் சொன்னால் செய்வார். முளைக்கீரை விதைத்த மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். தான் வளர்த்த கீரையை வீடு சாப்பிடுகிறது என்பது, மற்றவர் கையை எதிர்பார்த்தே இருக்கும் ஒருவருக்குப் பெரிய செய்தி.

காலம் அதிகம் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்ட வீடும் உங்களில் இருக்கும். அங்கே விதை போட்டுக் காத்திருக்க வேண்டாம். நாற்றங்காலில் பூத்து நிற்கும் சாமந்தியையும் ரோஜாவையும் தொட்டியோடு வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் வையுங்கள். வாடினால் மாற்றுங்கள். அவருக்கு இன்றைய பூதான் முக்கியம்.

இப்போது செடிகளுக்கு வருவோம். படுத்தே இருப்பவருக்குப் பகலும் இரவும் குழம்பிவிடும். மலரும் நேரம் பார்த்துச் செடி வைத்தால் நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கும். விடியலில் பவழமல்லி உதிர்ந்து கிடக்கும். வெயில் ஏறும்போது பத்துமணிப் பூ விரியும். சாயங்காலம் அந்திமந்தாரை. பொழுது சாய்ந்த பிறகு மல்லிகை. பவழமல்லி மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டால் காலையில் பூவை அப்படியே எடுத்து அவர் மடியில் வைக்கலாம். தொட்டுப் பார்க்கக் கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, மருக்கொழுந்து, எலுமிச்சைப் புல். தேன்சிட்டு வர வெட்சி, செம்பருத்தி. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் அவற்றின் இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். பச்சைப் புழு இலையைத் தின்று கூட்டுப்புழுவாகி இறக்கையோடு வெளிவருவதைச் சில வாரங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்; அதற்காக நான்கு இலை போனால் போகட்டும், மருந்து அடிக்காதீர்கள். மறதி நோய் உள்ளவருக்கு அவர் இளம்வயதில் வாழ்ந்த வீட்டின் செடிகளைத் தேடி வையுங்கள். துளசி மாடம், மருதாணி, கனகாம்பரம், டிசம்பர் பூ, வாழை. ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததை மறப்பவர்கூட மருதாணி அரைப்பதை மறந்திருக்க மாட்டார். அவருக்கான நடைபாதை தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் வட்டமாக இருக்கட்டும். முட்டுச்சுவரில் முடியும் பாதையில் திரும்பத் தெரியாமல் திகைத்து நிற்பார்.

வாசனையில் அளவு வேண்டும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு நேற்று பிடித்த மணம் இன்று குமட்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு இரவுராணியின் நெடி ஆகாமல் போகலாம். மணக்கும் செடிகளைத் தொட்டியில், சக்கரம் வைத்த தட்டில் வைத்தால் வேண்டாத நாளில் தள்ளிவிடலாம்.

வைக்கக் கூடாதவையும் உண்டு. அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. ஊமத்தை, குன்றிமணி, அலங்காரத்துக்கு வைக்கும் டைஃபன்பேகியா இவையும் வாயில் பட்டால் தீங்கு செய்பவை. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் முதியவரோ குழந்தையோ இருக்கும் வீட்டிலும், மனம் மிகவும் சோர்ந்திருப்பவர் இருக்கும் வீட்டிலும் இவை வேண்டவே வேண்டாம். அந்திமந்தாரை விதையும் உண்ணத் தக்கதல்ல. அப்படிப்பட்ட வீட்டில் அதையும் விட்டுவிடுங்கள். தானாக முளைக்கும் பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுப் பூப்பதற்குள் பிடுங்குங்கள்.

மூலிகை கேட்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. துளசியும் கற்பூரவல்லியும் வீட்டில் இருப்பது நல்லது, நானும் வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் தொட்டியில் வளர்கிறது என்பதற்காகத் தினம் பறித்துக் கொடுக்காதீர்கள். இன்சுலின் செடி என்று விற்கும் செடியில் இன்சுலின் இல்லை. அதையும் சிறியாநங்கையையும் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துத் தின்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. இன்னும் மோசமானது, இலையை நம்பி மாத்திரையை நிறுத்துவது. எதைக் கொடுப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தோட்டம் மனதைத் தேற்றும், உறக்கத்துக்கும் நடைக்கும் உதவும். மருந்தின் வேலை மருந்துக்கு.

மண்ணிலும் எச்சரிக்கை வேண்டும். நம் மண்ணிலும் தேங்கிய மழைநீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றை உண்டாக்கும் நுண்ணுயிர் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களையே அது அதிகம் தாக்குகிறது, அதுவும் மழைக்காலத்தில். எனவே அவர்கள் கையுறையும் மூடிய செருப்பும் இல்லாமல் மண்ணைத் தொடக் கூடாது, புண் இருக்கும்போது தொடவே கூடாது. கீமோதெரபி எடுப்பவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் மண் கிளறுவதையும் உரம் கலப்பதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை விட்டுவிட வேண்டும். மட்கில் இருக்கும் பூஞ்சை வித்துகள் அவர்கள் நுரையீரலுக்கு ஆபத்து. அவர்கள் பார்க்கட்டும், பூவை முகரட்டும், மண்வேலையை நீங்கள் செய்யுங்கள். டெங்குக் கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். தொட்டிகளின் அடித்தட்டைச் சனிக்கிழமைதோறும் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். அல்லித்தொட்டி வைத்தால் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடுங்கள். பறவைக்கு வைக்கும் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பால்கனிதான் தோட்டம். அதற்கும் மேலே சொன்ன வரிசைதான். முதலில் துணிக்கொடியை ஒரு பக்கம் ஒதுக்கி, நாற்காலி போட இடம் செய்யுங்கள். பிறகு, உட்கார்ந்தவர் கண்மட்டத்தில் கம்பியின் உட்பக்கமாகத் தொட்டிகளை மாட்டுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள், காற்றில் விழுந்தால் கீழே நடப்பவர் உயிர் போகும். வாடகை வீடு என்றால் எல்லாம் தொட்டியிலேயே இருக்கட்டும், வீடு மாறும்போது கூடவே வரும்.

அளவாகத் தொடங்குங்கள். ஏற்கெனவே மருந்து, உணவு, குளியல், இரவு விழிப்பு என்று உங்களுக்கு வேலை போதும் போதும் என்று இருக்கிறது. நாற்பது தொட்டி வாங்கி, தண்ணீர் விட ஆளில்லாமல் அவை காய்ந்துபோனால், காய்ந்த செடியைத்தான் நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடச் செடியே இல்லாமல் இருப்பது மேல். ஒருநாள் மறந்தாலும் தாங்கும் கற்றாழை, கற்பூரவல்லி, பத்துமணிப் பூ, வெட்சி, நித்யமல்லி போன்றவற்றில் ஐந்தாறு போதும். அவை நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. கிளேர் கூப்பர் மார்கஸும் மார்னி பார்ன்ஸும் கலிஃபோர்னியாவில் நான்கு மருத்துவமனைத் தோட்டங்களை ஆராய்ந்து 1995-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்கு அதிகம் வந்தவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். நோயைச் சுமப்பவருக்கு எவ்வளவு வேண்டுமோ, அவரைச் சுமப்பவருக்கும் அவ்வளவு வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே தோட்டத்தில் உங்களுக்கென்று இன்னொரு நாற்காலி போடுங்கள். அது வருவோர் போவோருக்கானது இல்லை. அவர் உறங்கும் நேரத்தில் நீங்கள் காப்பியை எடுத்துக்கொண்டு போய் உட்காருவதற்கு. அண்ணனோ அக்காளோ வெளியூரிலிருந்து பணம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தால், வாரம் ஒருநாள் வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நோயாளியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். பார்த்துக்கொள்பவர் விழுந்துவிட்டால் பிறகு யாரும் இல்லை.

இந்த மடலைப் படித்து முடித்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கட்டிலில் ஒருமுறை படுத்து, என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு அவரிடம் போய், உங்களுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று கேளுங்கள். பேச முடியாதவர் என்றால் நான்கைந்து பூக்களைக் கையில் கொடுத்து, எதை வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். அந்தச் செடியை இந்த வாரமே வாங்கி, அவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். மற்ற செடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களைப் போன்றோர் வீடுகளில் தோட்டம் அமைக்கும் ஒருத்தி